தாத்தாவுக்கு இந்த முறை நஷ்டமில்லை

'இந்தியன் 2' முடிந்து வெளியே வந்தபோது நண்பர் சொன்னார்: "மூணாவது பாகம் வரட்டும் லா, அப்புறம் பேசலாம்." எதுக்குக் காத்திருக்கணும்? நான் டிக்கெட் எடுத்தது இரண்டாம் பாகத்துக்கு.

1996இல் வந்த 'இந்தியன்' பெரிய அரசியல் படம் என்று சொல்ல மாட்டேன். லஞ்சம் வாங்கியவனைக் குத்திக் கொன்றால் நாடு திருந்தும் என்பது சிறுபிள்ளைத்தனம்தான். ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு விலை இருந்தது. பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குச் சான்றிதழ் கொடுத்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சாகவிட்டவன் சேனாபதியின் சொந்த மகன். எந்தக் கெஞ்சலுக்கும் கிழவர் இறங்கவில்லை. கேசட்டில் எத்தனை முறை ஓட்டினாலும் அந்த இடத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

2024இல் அதே சேனாபதி தைப்பேயிலிருந்து வருகிறார். வர்மம் போடுகிறார், உபதேசம் செய்கிறார். இழக்க அவரிடம் ஒன்றுமில்லை. இழப்பது சித்தார்த்தின் பாத்திரம். அவர் பேச்சைக் கேட்டு, லஞ்சம் வாங்கிய அப்பாவைப் பிடித்துக் கொடுக்கிறான். அம்மா உயிரை விடுகிறாள். கதையே இங்கதானே ஆரம்பிக்குது! ஊரும் கிழவரைத் துரத்துகிறது. மகனைக் கொன்றவர் இந்தத் தாயின் பிணத்துக்கு என்ன பதில் சொல்வார்? அதற்குள் படம் இறங்கவே இல்லை. மூன்றாம் பாகத்தின் டிரெய்லரைப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

நீளம் என்று புகார் வந்ததும் சுமார் 12 நிமிடம் வெட்டினார்களாம். எனக்கு நீளம் பிரச்சினையே இல்லை. அந்தச் சாவு வீட்டில் சேனாபதியை உட்கார வைத்திருந்தால், இன்னும் அரை மணி நேரம் நானும் உட்கார்ந்திருப்பேன்.