வேலை முடிந்த பிறகு லயத்தில்

மனச்சிதைவு நோய்ச் சிகிச்சையில் குடும்பத்தைச் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் வளாகத்திலேயே கூடாரம் போட்டு உறவினர்களைத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் உறவினர் உடன்தங்கும் முறையை வளர்த்தது. ஆனால் உடன்தங்க ஆள் வேண்டுமே. கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டங்களுக்கு வரும் பெண்களுக்கும், பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து விவசாயக் கூலிகளுக்கும் இதே கதைதான். அவர்கள் வராத நாளில் நாம் 'குடும்ப ஒத்துழைப்பு இல்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறோம்.

குறைகூறலும் பகைமையும் மிகுந்த வீட்டில், வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் உறவினரோடு முகம்பார்த்து இருக்கும் நோயாளிக்கு நோய் திரும்பும் அபாயம் கூடுதல் என்று 1970களின் லண்டன் ஆய்வுகள் காட்டின. அந்த நேரத்தைக் குறைக்கச் சொல்வது அங்கே நல்ல ஆலோசனை. ஆனால் ஓர் அறையும் ஓர் அடுக்களையுமாக இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் யார் எங்கே போவது? 1987இல் வெளியான சண்டிகர் ஆய்வு, அங்குள்ள உறவினரிடம் அந்தக் கடுமை லண்டனைவிடக் குறைவு என்றது. அதற்காக நம் குடும்பங்கள் எதையும் தாங்கும் என்று கருத்தரங்குகளில் பெருமை பேசுவது எனக்கு உடன்பாடில்லை. ராத்திரி முழுக்க உலாத்தும் மகனோடு விழித்திருந்துவிட்டுக் காலையில் கொழுந்து கிள்ளப் போகும் அம்மாவுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அவன் தூங்கும்படி மருந்தைச் சரிசெய்வதும், பகலில் அவன் போய் இருக்க ஓரிடம் பார்ப்பதும் குடும்பச் சிகிச்சையில் சேர்ந்தவை.

282 பேரைக் கொண்டு மூன்று மாநிலங்களில் நடந்து, 2014இல் லான்செட்டில் வந்த ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் நோயாளியோடும் குடும்பத்தோடும் வேலைசெய்தார்கள். ஒட்டுமொத்தப் பலன் சிறிதுதான். தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் மட்டும் அது தெளிவாகத் தெரிந்தது. மற்ற இரண்டு இடங்களில் அப்படியில்லை. ஏற்கெனவே சிகிச்சை எட்டாத இடத்தில்தான் இது பயன்படும் என்றே நான் இதைப் படிக்கிறேன். நம் தமிழக-கேரள எல்லைப் பகுதி அப்படிப்பட்டதுதான்.

எனவே குடும்பச் சந்திப்பை வேலை முடிந்த மாலைக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மாற்றுவோம். தமிழில் பேசத் தெரிந்தவரை அனுப்புவோம். மலையாளத்தில் தலையாட்டிவிட்டுப் போகிறவருக்கு மருந்தளவு புரிந்ததாகக் கொள்ள முடியாது. தேனியிலோ கோயம்புத்தூரிலோ ஊசி போட்டுக்கொண்டு இங்கே மாத்திரை வாங்குகிறவரின் சீட்டில் இரண்டும் இருக்கட்டும். லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். அதனால் யாரைச் சேர்ப்பது, எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதை நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டும். தன் பிரதிநிதியைத் தானே நியமிக்கும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது. அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.