தூரப் பயணத்துக்கு முன் ஸ்கூட்டர்

இடம்பெயர்ந்து வாழும் எமது விவசாயக் குடும்பங்களிடம் இன்றுள்ள பொருட்களில் பெறுமதி கூடியது எது என்று கேட்டால், பல வீடுகளில் முற்றத்தில் நிற்கும் சிறிய ஸ்கூட்டரைத்தான் காட்ட வேண்டியிருக்கும். காணி இருக்கிறது, ஆனால் அது தூரத்தில் இருக்கிறது. 1984 இல் முல்லைத்தீவுக் கரையோரக் கிராமங்களை விட்டு வந்தவர்கள், 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி வந்து பின்னர் வன்னியில் நிலைத்தவர்கள், அதே ஆண்டில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்துகொண்டு முசலிப் பக்கம் வயல் பார்க்க வரும் முஸ்லிம் சகோதரர்கள் என்று எல்லோருக்கும் இது பொதுவான கதை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் சந்தைக்குப் போகவும் லீசிங்கில் வாங்கிய ஸ்கூட்டர், வருடத்தில் மூன்று நான்கு முறை எல்லை வேலி பார்க்க, காணி அலுவலாகப் பிரதேச செயலகத்துக்குப் போக, விதைக்க, வெட்ட என்று நூறு கிலோமீற்றர் ஓட வேண்டியதாகிறது.

இந்தப் பயணத்துக்கு நாங்கள் எங்களை ஆயத்தப்படுத்துகிறோம். சோறு கட்டுகிறோம், தண்ணீர் எடுக்கிறோம், காணிப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றுகிறோம். ஸ்கூட்டரை ஆயத்தப்படுத்துவதில்லை. ஐந்து கிலோமீற்றர் ஓடுகிற வாகனம் நூறு கிலோமீற்றரும் ஓடும் என்ற எண்ணம் எங்களிடம் இருக்கிறது. அது பிழையான எண்ணம் என்பதே இக்கட்டுரையின் முதற் கருத்து. இரண்டாவது, ஆயத்தம் செய்ய வேண்டியவர் கராஜ்காரர் அல்ல, அதை ஓட்டப் போகிறவரே என்பது. எமது கிராமங்களில் ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களிற் பலர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். ஓடுவது அக்காவாக இருந்தாலும் ஸ்பனர் தம்பியின் கையில்தான் இருக்க வேண்டும் என்ற வழக்கத்தை மாற்ற வேண்டும். (சுவாமிக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் கேட்கக்கூடும். காணி மீட்பைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசுகிறோம். காணிக்குப் போய்ச் சேருவதைப் பற்றியும் ஒருமுறை பேசலாம்.)

பழைய கதையொன்றையும் இங்கு சொல்ல வேண்டும். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நாற்பது வயது தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளை விட்டு உதைத்து, இயந்திரம் சூடேறிய பின் மண்ணெண்ணெயில் எங்கள் தகப்பன்மார் ஓட்டினார்கள். பிளக் கரிபிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். ஆனபடியால் ஒவ்வொருவரும் பிளக் ஸ்பனரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொன்னார்கள். அந்தக் காலத்திலிருந்து நாங்கள் எதை வைத்துக்கொண்டோம், எதை விட்டோம் என்று பார்த்தால் கவலையாக இருக்கிறது. “எதை ஊற்றினாலும் எப்படியும் ஓடும்” என்ற துணிவை வைத்துக்கொண்டோம். கையால் தொட்டுப் பார்க்கும் அறிவை விட்டுவிட்டோம்.

அத்துடன் இன்று ஓடும் ஸ்கூட்டர்களிற் பெரும்பாலானவை வயது போனவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியிலேயே திறக்கப்பட்டது. இடையில் எமது சனங்கள் வாங்கியவை மூன்றாம் நான்காம் கை மாறியவை. அவற்றின் மீற்றர் காட்டும் கிலோமீற்றரை நம்பிப் பயணம் போகக்கூடாது.

இனிக் காரியத்துக்கு வருவோம். பயணத்துக்கு முதல்நாள் மாலை கராஜுக்கு ஓடுவது பயனற்றது. பத்து நாளுக்கு முன்னர் தொடங்குங்கள். ஏதும் மாற்ற வேண்டுமென்றால் சாமான் யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வர நாள் எடுக்கும். மாற்றிய பின் உள்ளூரில் இரண்டு மூன்று நாள் ஓடிப் பார்க்கவும் வேண்டும். புதிதாகப் பூட்டிய சாமான் பிழைத்தால் முதல் சில நாட்களிலேயே பெரும்பாலும் பிழைத்துவிடும். அது வீட்டு வாசலில் பிழைக்கட்டும்.

முதலில் ரயர். என்னுடைய எண்ணத்தில் மற்ற எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். சிறிய ஸ்கூட்டர்களின் சில்லு பத்து அல்லது பன்னிரண்டு அங்குலம். மோட்டார் சைக்கிளின் சில்லு ஏறிக் கடந்துபோகும் குழியில் இது விழுந்துதான் எழும்பும். அதே தூரத்துக்கு அது கூடத் தடவை சுற்றவும் வேண்டும். ஆகவே விரைவில் தேயும், விரைவில் சூடேறும். பூ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்தது என்று பொருள். வெயிலில் நின்ற பழைய ரயர் பூப் போகாமலே வெடித்துக் கிடக்கும். காற்றைக் குறைத்துவிட்டுப் பக்கத்தை விரலால் மடித்துப் பாருங்கள், மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். அத்தகைய ரயர் சந்தைக்குப் போய்வரப் போதும். ஏ-9 வீதியில் மத்தியான வெயிலில் இருவரை ஏற்றிக்கொண்டு ஓடப் போதாது.

காற்றை, ஓடுவதற்கு முன் ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். எத்தனை றாத்தல் என்பதைக் கொம்பனிப் புத்தகம் சொல்லும். ஒருவர் போவதற்கு ஒரு கணக்கும் இருவர் போவதற்குப் பின்சில்லுக்குக் கூடிய கணக்கும் இருக்கும். கட்டைவிரலால் அமத்திப் பார்த்து “காணும்” என்பது சைக்கிளுக்குச் சரி. காற்றுக் குறைந்த ரயர் ஓட ஓடச் சூடேறி, பாரத்தில் பக்கவாட்டில் நெளிந்து, வளைவில் வாகனத்தை இழுத்துவிடும்.

அடுத்தது பெல்ற். கியர் இல்லாத ஸ்கூட்டரில் சங்கிலி கிடையாது. இடப்பக்க மூடிக்குள் ஒரு றப்பர் பெல்ற்தான் இயந்திரத்தின் பலத்தைப் பின்சில்லுக்குக் கொண்டு போகிறது. சங்கிலி அறுந்தால் சைக்கிள் கடையிலும் கொழுவித் தருவார்கள். பெல்ற் அறுந்தால் இயந்திரம் இரையும், வாகனம் அசையாது; புளியங்குளத்துக் காட்டில் நின்றுகொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. புறப்படும்போது உதறுவது, சத்தம் கூடியும் வேகம் கூடாதிருப்பது, மேட்டில் இழுக்காதிருப்பது ஆகியவை அது தேய்ந்ததன் அடையாளங்கள். மூடியைத் திறந்து பார்ப்பது கராஜ் வேலைதான். ஆனால் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உட்பக்கப் பற்களின் அடியில் வெடிப்பு இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பெல்ற் இன்னும் அறாமல் இருந்தால் அதை எறியாமல் சீற்றுக்குக் கீழே வைத்திருங்கள், அவசரத்துக்கு உதவும்.

பக்கத்தில் நிற்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கராஜில் பின்பக்க கியர் ஒயில் மாற்றியதாக என்னிடம் காசு வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால், அந்த ஒயில் ஆணியின் மேல் பல மாதத்துச் சேறு அப்படியே காய்ந்து கிடந்தது. எல்லாக் கராஜ்காரரும் அப்படியல்ல. எனினும் எந்த ஆணி எதற்கு என்று தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

ஒயிலைப் பற்றி விவசாயிகளுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் இறைக்கும் மெசினுக்கு ஒயில் பார்க்காமல் யாரும் கயிறு இழுப்பதில்லை. ஸ்கூட்டரும் அதே சாதிதான். அது எடுப்பது ஒரு லீற்றருக்கும் குறைந்த ஒயில். அதில் கால்வாசி குறைந்தாலே இயந்திரத்துக்கு ஆபத்து. நடு ஸ்ராண்டில் நிமிர்த்தி நிறுத்தி, இயந்திரத்தை நிற்பாட்டிச் சில நிமிடம் பொறுத்துக் கம்பியைத் துடைத்துப் பாருங்கள். போகும்போது ஒருமுறை, திரும்பும் நாள் காலையில் ஒருமுறை. பழைய இயந்திரம் தூர ஓட்டத்தில் ஒயில் குடிக்கும்.

பிறேக்கில் கேபிள் நூல் விட்டிருக்கிறதா, பிடியை இழுத்தால் கைப்பிடியைத் தொடுகிறதா என்று பார்த்தால் போதும். பின்பிறேக்கை மட்டும் நம்பி ஓடும் பழக்கத்தையும் விட வேண்டும். பிளக் ஒன்றும் அதற்குரிய ஸ்பனரும் கட்டாயம் கூட வரட்டும்; கழற்றிய பிளக் மண்ணிறமாக இருந்தால் நல்லது, கரியாக இருந்தால் எயார் பில்ரர் அடைத்திருக்கும் அல்லது பெற்றோல் கூடப் போகும். எமது செம்மண் ஒழுங்கைகளில் ஓடிய வாகனத்தில் பெரும்பாலும் பில்ரர்தான். ஸ்பொஞ்ச் பில்ரரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கலாம். கடதாசி பில்ரரைக் கழுவக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். கிக்கரால் உதைத்து ஒருமுறை ஸ்ரார்ட் செய்து பாருங்கள். பற்றறி இறங்கினால் அதுதான் கைகொடுக்கும்.

பெற்றோல். சிறிய ஸ்கூட்டர்களின் தாங்கி ஏறக்குறைய 5 லீற்றர்தான் கொள்ளும். யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தன் வழியாக முல்லைத்தீவு போய் வர 200 கிலோமீற்றருக்கு மேல். ஒரு தாங்கி போதாது. கிளிநொச்சியிலோ பரந்தனிலோ நிரப்பிக்கொண்டு உள்ளே திரும்புங்கள். 2022 இல் வரிசையில் நின்று, பிறகு கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கிய நாட்களிலிருந்து பலரிடம் பெற்றோலைத் தண்ணீர்ப் போத்தலில் சேர்த்து வைக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அந்தப் போத்தலை சீற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு போகிறார்கள். கீழே இயந்திரம், மேலே பிள்ளை. இதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் பிசின்போலாகிக் கார்பரேற்றரை அடைக்கவும் செய்யும்.

பாரத்தைப் பற்றி எழுதினால் என்மீது கோபிப்பார்கள் என்று தெரியும். சிறிய ஸ்கூட்டர் ஓட்டுபவரையும் சேர்த்து 130 முதல் 150 கிலோ வரை தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. கணவன் 65, மனைவி 55. அதிலேயே 120 போய்விட்டது. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் என்றால் 40 கிலோவுக்கு மேல். அதைக் கால் வைக்கும் தட்டில் நிறுத்தி, காலை வெளியே விரித்துக்கொண்டு, நடுவில் ஒரு பிள்ளையையும் ஏற்றிப் போகும் காட்சியை விதைப்புக் காலத்தில் நாளாந்தம் காண்கிறோம். பாரம் பின்னுக்குப் போனால் முன்சில்லு இலேசாகி, முன்பிறேக் பிடிக்காமற் போகும். தட்டில் நிற்கும் மூடை ஹாண்டிலைத் தடுக்கும். வேண்டிய நேரத்தில் வெட்ட முடியாது. ஏழ்மையால் செய்கிறார்கள் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் விதைநெல்லைப் பஸ்ஸில் போட்டனுப்பக் கேட்கும் காசு, ஒரு முறிந்த காலுக்கு வைத்தியசாலைக்கு அலையும் ஒருநாட் செலவுக்கும் காணாது. ஸ்கூட்டரில் ஆள் போகட்டும், மூடை பஸ்ஸில் போகட்டும். பிள்ளைக்கும் அதுவே.

வீதியைப் பற்றியும் சில வார்த்தை. விடிய ஐந்தரைக்குப் பிறகு புறப்பட்டு, மாலை ஆறுக்கு முன் எங்காவது சேர்ந்துவிடுங்கள். இரவில் ஏ-9 இல் மாடுகள் படுத்துக் கிடக்கும். மாங்குளத்துக்குத் தெற்கேயும் முல்லைத்தீவு உட்பாதைகளிலும் யானை நிற்கும். ஸ்கூட்டரின் லைற் இவற்றைக் காட்டும் நேரத்தில் நிறுத்த இடமிருக்காது. ஆனையிறவிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் குறுக்குக் காற்று இலேசான வாகனத்தைத் தள்ளும். வேகத்தைக் குறைக்க வேண்டும். காலபோக அறுவடை நாட்களில் வீதியோரம் நெல் காயும். அதன்மேல் ஏறினால் மணலில் ஏறியதுபோல் வழுக்கும். சிவப்புப் பலகையோ நாடாவோ தெரிகிற இடத்தில், எவ்வளவு அவசரமானாலும், வீதியை விட்டுக் கீழே இறங்க வேண்டாம். இருவருக்கும் தலைக்கவசம், சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவை காணிப் பத்திரத்தோடு அதே பொலித்தீனில் வரட்டும்.

இவ்வளவையும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே வாங்கிச் செய்ய முடியாது என்பது நியாயமான வாதம். ஆனபடியால் மாதர் சங்கங்களிடமும் கிராம அபிவிருத்திச் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். காற்று அளக்கும் கருவி ஒன்று, கால்பம்பு ஒன்று, பிளக் ஸ்பனருடன் ஒரு ஸ்பனர் செற், ரயர் ஒட்டும் சாமான் ஆகியவற்றைச் சங்கத்துக்கென வாங்கி வைத்து, பயணம் போகிறவர் கையொப்பமிட்டு எடுத்துப் போகும்படி செய்யலாம். கதிரையும் கிடாரமும் அப்படித்தானே கொடுக்கிறோம். ஊரில் பழைய மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக் ஐயா ஒருவர் இருந்தால், ஒரு ஞாயிறு பின்னேரம் அவரை அழைத்துப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்யுங்கள். அவருக்கு அது சந்தோசமாக இருக்கும். எங்களுக்கும் அந்த அறிவு அவரோடு போய்விடாது.

பயண நாளில் முதல் 20, 25 கிலோமீற்றருக்குள் ஒருமுறை நிறுத்துங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்குக் கொடிகாமம் நல்ல இடம். தேநீர் சொல்லிவிட்டு, சில்லு நடுவைக் கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள்; கை வைக்க முடியாத சூடென்றால் பிறேக் இழுபடுகிறது. கீழே குனிந்து ஒயில் சொட்டுகிறதா, கட்டிய கயிறு தளர்ந்ததா என்றும் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்த ஆள் உண்டு. எழுதுமட்டுவாளைத் தாண்டினால் பளை வரைக்கும் கடை குறைவு.