கும்பிடு போட்டால் காணாமல் போகும்

பொட்டி தட்டிப் பிழைக்கிற நம்ம சனத்துக்கிட்ட ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. யாராவது வந்து "சார், நான் எழுதினதுல பாதியைக் காணோம்" என்று சொன்னால் முதல் பதில், "கேஷ் கிளியர் பண்ணிட்டுப் பாருங்க". இரண்டாவது, "வேற பிரவுசர்ல ட்ரை பண்ணுங்களேன்". அதற்கும் ஆள் அசையவில்லை என்றால் கடைசி அஸ்திரம்: "எனக்கு நல்லாத்தானே வருது?"

இந்தக் கடைசி பதில் மேல் எனக்குத் தீராத கடுப்பு. உனக்கு நல்லா வருதுன்னா அவருக்கு ஏன் வரலைங்கிறதுதான்யா கேள்வி! அதைக் கண்டுபிடிக்கத்தானே மாசாமாசம் சம்பளம்? இதுல "யூசர் எர்ரர்" என்று எழுதி டிக்கெட்டை மூடுகிற புண்ணியவான்கள் வேறு.

சும்மா பொத்தாம்பொதுவாகத் திட்டினால் அடிக்க வருவீங்க. அதனால் ஒரு கேஸையே எடுத்துக்குவோம்.

எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்களுக்காக ஒரு நினைவுப் பக்கம் செய்து கொடுத்தார்கள். காலமான ஆசிரியர்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். தபால் துறையில் வேலை பார்த்து ரிடையர் ஆன பெரியவர் ஒருவர், தன் கணக்கு வாத்தியாரைப் பற்றி ஐந்து பத்தி எழுதுகிறார். ஒற்றை விரலால், போனில். இரண்டாவது பத்தி முடிவில் ஒரு கும்பிடு பொம்மை. அனுப்பினால் பச்சைப் பெட்டியில் "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்று வருகிறது. போய்ப் பார்த்தால் இரண்டு பத்திதான் இருக்கு. கும்பிடும் இல்லை, அதற்குப் பிறகு எழுதிய மூன்று பத்தியும் இல்லை.

மனுஷன் மூன்று முறை திரும்ப அடித்திருக்கிறார். மூன்று முறையும் அதே கதை. அப்புறம் போன் பண்ணிச் சொன்ன வாக்கியம் இது: "தம்பி, இதயம் போட்டா வருது, கும்பிடு போட்டாத்தான் மீதியெல்லாம் போயிடுது."

அங்கிருந்த இளவட்டங்களுக்கு ஒரே சிரிப்பு. பெருசு என்னமோ உளறுதுன்னு இரண்டு முறை டிக்கெட்டை மூடியாச்சு. ஆனால் மக்களே, அந்த ஆபீஸில் அன்றைக்கு யாரும் அவ்வளவு துல்லியமாக ஒரு பக்கைச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியிலேயே நோயும் இருக்கு, மருந்தும் இருக்கு. எப்படின்னு கேளுங்க.

யூடிஎஃப்-8 முறையில் எல்லா எழுத்தும் ஒரே அளவு இடம் பிடிப்பதில்லை. ஆங்கில எழுத்துக்கு 1 பைட். நம்ம தமிழுக்கு 3. அந்தப் பழைய இதயக் குறி 1990களின் தொடக்கத்திலேயே யூனிகோடுக்குள் வந்துவிட்ட ஆசாமி, அதற்கும் 3. கும்பிடு 2010-ல் யூனிகோட் 6.0-வில் வந்தது, அதற்கு 4. இப்போ மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கு வாங்க. அதில் "யூடிஎஃப்8" என்ற பெயரில் ஒரு வகை உண்டு. பெயர்தான் அப்படி, உள்ளே 3 பைட் வரைக்கும்தான் தாங்கும். 4.1 பதிப்பைத் தயார் செய்துகொண்டிருந்த 2002-ல், முதலில் 6 பைட் வரை வைத்திருந்ததை 3 ஆகக் குறைத்தார்கள். அடுத்த வருஷமே யூடிஎஃப்-8-இன் தரம் 4 பைட் என்று முடிவாகிவிட்டது. இவர்கள் மூன்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நாலு பைட்டுக்கு வழி செய்ய 2010 ஆனது, 5.5.3-ல். அப்பவும் பழைய பெயரைத் திருத்தவில்லை. புதுசுக்கு "யூடிஎஃப்8எம்பி4" என்று வாயில் நுழையாத ஒரு பெயரை வைத்தார்கள். அதுவே இயல்பு அமைப்பாக மாறியது 2018-ல் வந்த 8.0-வில்தான்.

ஆக, இதயம் உள்ளே போகும், கும்பிடு போகாது. பெரியவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

சரி, போகாத எழுத்து வந்தால் தரவுத்தளம் என்ன செய்யணும்? "இது என்னால முடியாது" என்று கத்தணும். பழைய தளர்வான அமைப்பில் இருந்தால் அது கத்தாது. அந்த எழுத்து இருக்கும் இடத்தோடு மொத்தத்தையும் வெட்டிவிட்டு, முன்பாதியை மட்டும் சேமித்துக்கொள்ளும். ஓரமாக ஒரு எச்சரிக்கைக் குறிப்பை வைக்கும். அதை எந்தப் புரோகிராமர் படிக்கிறான்? கண்டிப்பான அமைப்பு இயல்பாக வந்தது 2015-ல், 5.7-இல். அதில் பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பும். ஆனால் "பழைய கோடு உடையுது" என்று அந்தக் கண்டிப்பை அணைத்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற கடைகள் இன்னும் எத்தனையோ. நான் சொன்ன நிறுவனமும் அப்படித்தான்.

எனக்கு உறுத்துவது அந்த வெட்டு கூட இல்லை. அந்தப் பச்சைப் பெட்டிதான். பெரியவர் வேலை பார்த்த தபால் ஆபீஸில் ஒரு ரிஜிஸ்டர் தபாலை வாங்கி, பாதியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மீதிக்கு முழு ரசீது கொடுத்தால் சும்மா விடுவார்களா? ஆளை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்திருப்பார்கள். இங்கே அதைச் செய்கிறோம், கேட்டால் யூசர் எர்ரர்.

"அட போய்யா, ஒரு பொம்மைக்காக இவ்வளவு கூவணுமா?" என்று கேட்பவர்களுக்கு 2015 ஏப்ரலை ஞாபகப்படுத்துகிறேன். வேர்ட்பிரஸ் 4.1.2 அவசர அவசரமாக வந்தது இதே நாலு பைட் வெட்டால்தான். வருகிற உரையில் வில்லங்கமான நிரல் இருக்கா என்று வடிகட்டி பார்ப்பது முழு உரையை. தரவுத்தளம் வைத்துக்கொள்வது வெட்டிய உரையை. வடிகட்டி ஓகே சொன்னது ஒன்று, திரையில் வருவது வேறொன்று. அந்த இடைவெளியில் திருடன் புகுந்துவிடலாம். ஒரே வாரத்துக்குள் 4.2.1 வந்தது, அதுவும் வெட்டு விவகாரமே. டெக்ஸ்ட் வகைப் புலம் 65,535 பைட்தான் கொள்ளும். அதைவிட நீளமாக அனுப்பினால் வால் அறுந்துவிடும், அறுந்த இடத்தில் அதே ஓட்டை. சத்தமில்லாமல் வெட்டுகிற பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது பாருங்க.

அந்த 65,535-ஐ மூன்றால் வகுத்தால் 21,845. தமிழில் அவ்வளவு குறிகள்தான் கொள்ளும், எழுத்துகள் அதைவிடக் கம்மி. "தமிழ்" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பொட்டிக்கு அது ஐந்து குறி, 15 பைட். வேர்ட்பிரஸில் தமிழிலேயே தலைப்பு வைத்தவர்களுக்கு இன்னொரு கூத்தும் தெரிந்திருக்கும். முகவரியில் தலைப்பு பாதியில் முறிந்து நிற்கும். அந்தப் புலத்துக்கு 200 இடம். முகவரியில் ஒரு தமிழ்க் குறி 9 இடம் பிடிக்கும். வகுத்துப் பாருங்க, 22 குறியோடு கதை முடிஞ்சுது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ் மூன்று பைட்டுக்குள் அடங்குவதால்தான் நம்ம ஊரில் இந்த பக் இவ்வளவு காலம் மாட்டாமல் திரிந்தது. "தமிழ் வருதா? வருது. அப்போ யூனிகோட் ஓகே" என்று சோதனையை முடித்துவிடுவோம். கொஞ்சம் பொறுங்க சாமி. 2019-ல் யூனிகோட் 12.0-வில் தமிழுக்கு 51 குறிகள் கூடுதலாக வந்தன. முந்திரி, காணி, மா என்ற பழைய பின்னக் குறிகள், முகத்தல் அளவைக் குறிகள், இப்படி. அவை எல்லாம் நாலு பைட்! பழைய நிலப் பத்திரத்தை எழுத்து மாறாமல் ஏற்றுகிறேன் என்று ஒருவர் உட்கார்ந்தால், முதல் காணிக் குறியிலேயே அவர் பத்திரம் அறுந்துவிடும். ஜப்பானில் யோஷிதா என்ற குடும்பப் பெயரை ஒரு வடிவத்தில் எழுதுபவர்களுக்கும் இதே பாடு, முதல் எழுத்தே நாலு பைட். அவர்களிடம் போய் "பொம்மை போடாதீங்க" என்று சொல்ல முடியுமா? அந்த நிறுவனத்தில் முதலில் வந்த யோசனையே அதுதான். "எமோஜி பயன்படுத்த வேண்டாம்னு கீழ ஒரு வரி போட்டுடலாம் சார்." அவ்வ்வ்...

கண்ணால் பார்த்ததைச் சொல்பவரை நம்புவது பற்றிப் பேசும்போது அந்த 500 மைல் மின்னஞ்சல் கதையை விட முடியாது. தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறைத் தலைவர் சிஸ்டம் அட்மினைக் கூப்பிட்டு, "எங்களால் 500 மைலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்ப முடியவில்லை" என்கிறார். யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். துறைக்காரர்களோ புள்ளியியல் ஆட்கள் ஆச்சே, சில நாள் தரவு சேர்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அட்மின் சோதித்தால் நிஜமாகவே பக்கத்து ஊர்களுக்குப் போகிறது, தூரத்துக்குப் போகவில்லை. சர்வரை யாரோ மேம்படுத்தியதில் சென்ட்மெயில் பழைய பதிப்புக்கு இறங்கிவிட்டது. புது அமைப்புக் கோப்பு அதற்குப் புரியவில்லை, காத்திருக்கும் நேரம் பூஜ்ஜியமாகிவிட்டது. நடைமுறையில் ஒரு 3 மில்லி செகண்ட் காத்திருந்து இணைப்பைத் துண்டித்தது. அதற்குள் ஒளி போகும் தூரம் சுமார் 558 மைல்! அந்த அட்மின் 2002-ல் இதை எழுதினார். துறைத் தலைவரிடம் "கேஷ் கிளியர் பண்ணுங்க" என்று சொல்லியிருந்தால் நமக்கு ஒரு நல்ல கதை போயிருக்கும்.

அதற்காகப் புகார் சொல்பவர்கள் "வரலை" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கலாம் என்று சொல்லவில்லை. என்ன வரலை, அதற்குப் பதில் என்ன வந்தது, இரண்டையும் சொன்னால் பாதி வேலை முடிஞ்சுது. தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சதுரப் பெட்டியா? எழுத்து பத்திரமாக இருக்கு, எழுத்துரு இல்லை. ஐரோப்பிய எழுத்துகளாகக் கிறுக்கலா? பெரும்பாலும் பைட்டுகள் அப்படியே இருக்கும், தப்பான முறையில் படிக்கிறது, மீட்டுவிடலாம். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியா? பல நேரம் எங்கேயோ ஒரு எழுத்தை நடுவில் அறுத்திருக்கிறார்கள். வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால் மட்டும் கவலைப்படுங்க. சேமிக்கும்போதே எழுத்து செத்திருக்கும், தரவுத்தளத்தில் இருப்பதே கேள்விக்குறிதான். டிஸ்கி, யூனிகோட் என்று மாறி மாறி அவதிப்பட்ட காலத்து ஆட்களுக்கு இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும் :-)

எந்த எழுத்து வில்லன் என்று தெரியவில்லையா? உரையைச் சரிபாதியாக வெட்டி ஒவ்வொரு பாதியையும் தனியாகப் போடுங்க. கெட்டுப்போகிற பாதியை மறுபடி பாதியாக்குங்க. ஆயிரம் வரி இருந்தாலும் பத்து தடவைக்குள் மாட்டிக்கும். கிட் பைசெக்ட் செய்வதும் இதே வேலைதான், ஆனால் அது கமிட்டுகளின் வரலாற்றில் தேடும்.

இனி திருத்தும் பக்கம். "அந்தக் காலத்தை எம்பி4-க்கு மாற்றுவது பெரிய வேலை" என்பார்கள். ஒரு சிக்கல் உண்மையிலேயே உண்டு. பழைய இன்னோடிபியில் ஒரு இண்டெக்ஸ் 767 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. 255 எழுத்தை மூன்றால் பெருக்கினால் 765, உள்ளே அடங்கும். நாலால் பெருக்கினால் 1020, அடங்காது. அதனால்தான் நிறைய இடத்தில் 191 என்ற விசித்திரமான எண்ணைப் பார்ப்பீர்கள். அதைச் சமாளித்துவிட்டால் மீதி ஒரு மதிய வேலை. அங்கே அது நடந்து முடிந்தது. நடந்தபின் பழைய குறிப்புகளைத் தேடியதில் 30-க்கும் மேல் பாதி வாக்கியத்தில் நின்றிருந்தன. அவற்றை மீட்க வழியே இல்லை, மீதிப் பாதி எங்கேயும் சேமிக்கப்படவே இல்லையே. எழுதியவர்களுக்கு ஆளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். பாதிப் பேருக்கு மேல் பதில் போடவில்லை.

நீங்கள் ஏதாவது படிவம் செய்கிறவராக இருந்தால் அடுத்த முறை சோதிக்கும்போது "டெஸ்ட் டெஸ்ட்" என்று அடிக்காதீங்க. ஒரு தமிழ் வரி, ஒரு கும்பிடு, ஒரு காணிக் குறி, கடைசியாக "முற்றும்" என்று ஒரு சொல். சேமித்துவிட்டுத் திறந்து பாருங்க, "முற்றும்" வந்திருக்கான்னு. பச்சைப் பெட்டியைப் பார்க்கவே வேண்டாம்.