விழாவின் மறுநாள்

எருசலேமின் மதில் 52 நாள்களில் கட்டி முடிக்கப்பட்டது. வாயில்களுக்குக் கதவுகள் பொருத்தப்பட்டன. வாயிற்காவலரும் பாடகரும் லேவியரும் நியமிக்கப்பட்டனர். பாபிலோனிலிருந்து திரும்பிய மக்களுக்கு அது பெருமகிழ்ச்சியின் வேளை. ஆயினும் அப்பணியை முன்னின்று நடத்திய நெகேமியா, நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓர் உண்மையை மறைக்காமல் எழுதிவைத்தார். நகரம் பரந்து விரிந்து கிடக்கிறது. உள்ளே வாழும் மக்களோ மிகச் சிலர். வீடுகள் இன்னும் எழவில்லை என்பதே அது (நெகே 7:4).

இந்தப் பகுதியை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் என் எண்ணம் வலிகாமம் வடக்கின் கரையோரத்திற்கு, சிறப்பாக மயிலிட்டிக்குச் செல்கிறது.

மயிலிட்டியின் விசுவாசம் நேற்று விதைக்கப்பட்டதன்று. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய போதகர் பால்தேயுஸ் 1672இல் வெளியிட்ட நூலில், குடாநாட்டின் ஆலயங்களை விபரிக்கும் இடத்தில் மயிலிட்டியும் இடம்பெறுகின்றது. போர்த்துக்கேயர் காலத்தில் ஊன்றிய வேர் அது. பின்னர் கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் கைமாறின. 1687இல் புனித யோசேப் வாஸ் அடிகளார் ஏழையின் கோலத்தில் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தபோது அவரை வரவேற்க ஒரு கோபுரமும் இருக்கவில்லை. இருந்தது வீடுகளில் மறைவாகச் செபித்துக்கொண்டிருந்த மக்கள். ஆலயத்தை இழந்த பின்னும் திருச்சபையாக வாழ முடியும் என்பதை நமது முன்னோர் அன்றே மெய்ப்பித்திருந்தனர்.

அதே சோதனை மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் வந்தது. வடபகுதியின் முதன்மையான மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாகத் திகழ்ந்த மயிலிட்டியிலிருந்து 1990 ஜூன் மாதத்தில் மக்கள் வெளியேறினர். சில நாள்களில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் கதவைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு போனவர்கள் பலர். அவர்களுடைய ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மல்லாகம், சுன்னாகம், பருத்தித்துறைப் பக்கங்களிலுள்ள நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் அவர்கள் வாழ்ந்தனர். முகாமில் பிறந்த குழந்தை முகாமிலேயே வளர்ந்து, மணமுடித்து, தன் குழந்தையையும் முகாமிலேயே தாலாட்டியது. 2017 ஜூலை 3ஆம் நாள் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டபோது 27 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2018 ஏப்ரலில் மேலும் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. 2019இல் துறைமுகப் புனரமைப்பின் முதற்கட்டம் நிறைவுற்றது. 2025 செப்டெம்பர் 1இல் மூன்றாம் கட்டப் பணி தொடக்கிவைக்கப்பட்டது.

இத்தனையும் நன்றியுடன் நினைக்கவேண்டியவை. ஆயினும் நெகேமியாவின் கண்களோடு பார்த்தால் நாமும் ஓர் உண்மையை ஒத்துக்கொள்ளவேண்டும். கரையோரப் பங்குகளில் கொடியேறும் நாளில் வாகனங்கள் நிறைகின்றன. நவநாள்களின் உபயங்களை ஏற்கப் போட்டியே நிகழ்கின்றது. நற்கருணை விழாவன்று முற்றம் கொள்ளாத கூட்டம். திருநாள் திருப்பலி முடிந்து, திருச்சொரூபம் வீதி வலம் வந்து, ஆசீர்வாதமும் ஆயிற்றென்றால், மாலைக்குள் வாகனங்கள் திரும்பிவிடுகின்றன. ஒரு கரையோர ஆலயத்தில் திருநாளுக்கு முந்திய நாள் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் என்னிடம் கேட்டார்: "சுவாமி, திருநாளுக்கு எல்லாரும் வருவினம். அடுத்த நாள் விளக்குக் கொளுத்த ஆர் இருக்கினம்?"

அந்தக் கேள்விக்கு நான் அன்று மறுமொழி சொல்லவில்லை. இன்றைய சிந்தனை அதற்கான மறுமொழியைத் தேடும் முயற்சியே.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். திரும்பி வந்து குடியேறாதவர்களை நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாகாது. பிள்ளைகளின் பாடசாலை வேறிடத்தில், தொழில் வேறிடத்தில். 27 ஆண்டுகளில் வேறு மண்ணில் வேர்விட்ட வாழ்வை ஒரே நாளில் பிடுங்கி நடமுடியாது. வலிகாமம் வடக்கில் தமது காணி இன்னும் விடுவிக்கப்படாமல் காத்திருக்கும் குடும்பங்களும் உள்ளன. இந்திய இழுவைப்படகுகளால் வலையை இழந்தவனுக்குக் கடலே அச்சமாகிவிட்டது. கைப்பற்றப்பட்ட அத்தகைய படகுகளைக் கொண்டுவந்து கட்டிவைக்கும் இடமாகவும் அதே மயிலிட்டித் துறைமுகம் இருந்துவருவதைத் தொழிலாளர் அறிவர். நெருக்கடி மெய்யானது, ஆகவே நமது மறுமொழியும் மெய்யானதாக இருத்தல் வேண்டும்.

நெகேமியா என்ன செய்தார்? மக்கள் அனைவரையும் நகருக்குள் குடிவருமாறு கட்டாயப்படுத்தவில்லை. பத்துப் பேரில் ஒருவர் எருசலேமில் வாழ்வதென்று சீட்டுப் போட்டனர். மற்ற ஒன்பது பேரும் தத்தம் ஊர்களிலேயே இருந்தனர். தாமாக முன்வந்து நகரில் குடியேறியோரை மக்கள் அனைவரும் வாழ்த்தினர் (நெகே 11:1-2). இங்கே இரண்டு உண்மைகள் அருகருகே நிற்கின்றன. வெளியே இருந்த ஒன்பது பேரும் இறைமக்களே, அவர்கள் தள்ளப்படவில்லை. ஆனால் உள்ளே இருந்த ஒருவரைத் தாங்கும் கடமை அந்த ஒன்பது பேருக்கும் இருந்தது.

நம் பங்குகளில் அந்தப் பத்தில் ஒருவர் யார்? பற்றை வெட்டிக் கிணறு இறைத்து, பாதி எழுந்த வீட்டில் ஆண்டு முழுவதும் வாழ்பவர். ஞாயிறுதோறும் பத்துப் பதினைந்து பேருடன் திருப்பலிக்கு வந்து, பாடகர் குழு இல்லாதபோதும் பாடுபவர். நாம் அவரை வாழ்த்துகிறோமா? திருநாளன்று முன்வரிசை யாருக்கு? ஒலிபெருக்கியில் யாருடைய பெயர் ஒலிக்கின்றது? பெருந்தொகை வழங்கியவரின் பெயரா, விளக்கு அணையாமல் காத்தவரின் பெயரா?

இனி நாம் ஒழுங்குசெய்யும் ஒன்றுகூடல்கள் இந்தக் கேள்வியைச் சந்திப்பவையாக அமையட்டும். சிலவற்றை உங்கள் சிந்தனைக்கு முன்வைக்கின்றேன்.

முதலாவது, அன்பியக் கூட்டம். அது ஆலய மண்டபத்தில் நடைபெறவேண்டியதில்லை. மீளக்குடியேறிய ஒரு குடும்பத்தின் விறாந்தையில், மாதத்தில் ஒருநாள் நடைபெறட்டும். வெளியிலுள்ள பங்குமக்கள் மாதத்தில் ஒரு ஞாயிறேனும் சொந்தப் பங்கில் திருப்பலி கண்டு, அந்த விறாந்தையில் அமர்ந்து இறைவார்த்தையைப் பகிர்ந்துவிட்டுச் செல்லலாம். மல்லாகத்திலிருந்து மயிலிட்டிக்குத் தூரம் சில கிலோமீற்றர்களே. ஆண்டுக்கு ஒருமுறை வரும் 500 பேரைவிட, மாதந்தோறும் வரும் 50 பேர் ஒரு பங்கை உயிரோடு வைத்திருப்பர்.

இரண்டாவது, அருளடையாளங்கள். குழந்தையின் திருமுழுக்கையும் முதல்நன்மையையும், இயலுமாயின் திருமணத்தையும், சொந்தப் பங்கு ஆலயத்தில் நிறைவேற்றலாமே. முகாமில் பிறந்த தலைமுறைக்கு மயிலிட்டி என்பது பேரன்மாருக்குச் சொல்லப்படும் கதை மட்டுமே. எஸ்ராவின் நூலில், புதிய ஆலயத்திற்கு அடித்தளம் இட்ட நாளில் பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் உரத்து அழுதனர். இளையோர் மகிழ்ந்து ஆர்ப்பரித்தனர். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு எனப் பிரித்தறிய முடியவில்லை (எஸ்ரா 3:12-13). நமது பிள்ளைகளோ அழவும் இல்லை, ஆர்ப்பரிக்கவும் இல்லை. கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றனர். அவர்கள்மீது பிழையில்லை. நினைவு என்பது கற்பித்தால் வருவதன்று. அந்த மண்ணில் ஏதேனும் ஒன்று அவர்களுக்கு நிகழ்ந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, இறந்தோர் நினைவு. நவம்பர் 2ஆம் நாள் நாம் சேமக்காலைக்குச் செல்கிறோம். இடப்பெயர்வில் இறந்து வேற்றூர்ச் சேமக்காலைகளில் அடக்கம் செய்யப்பட்டோர் எத்தனை பேர்! அவர்களுடைய பெயர்களைக் குடும்பந்தோறும் கேட்டெழுதி, அந்நாளில் சொந்த ஆலயத்தில் ஒவ்வொன்றாக வாசிப்போம். ஊருக்குத் திரும்பவேண்டுமென்ற ஆசையோடு கண்மூடியவர்கள், பெயராகவேனும் திரும்பி வரட்டும். இப்பணியை மறைக்கல்வி மாணவரிடம் ஒப்படைத்தால், பாட்டன் பாட்டியின் வாயிலிருந்து ஊரின் வரலாறும் எழுதப்பட்டுவிடும். காலம் தாழ்த்தினால் சொல்வதற்கு ஆளிருக்காது.

நான்காவது, திருநாளின் பங்கீடு. நெகேமியாவின் காலத்தில் மக்கள் தண்ணீர் வாயில் வளாகத்தில் ஒன்றுகூடி, விடியல் முதல் நண்பகல் வரை திருச்சட்டத்தைக் கேட்டனர். அதன்பின் அவர்களுக்குச் சொல்லப்பட்டது: விருந்துண்ணுங்கள், ஒன்றும் ஆயத்தம் செய்யாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் (நெகே 8:10). கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம் சகோதரர் தாராளமாக அனுப்புகின்றனர். அந்தக் கொடையில் ஒரு பகுதி மின்விளக்கு அலங்காரத்திற்கும் வாணவேடிக்கைக்கும் அன்றி, கிழிந்த வலைக்கும் மாணவரின் போக்குவரத்துக்கும் தனித்து வாழும் முதியோரின் மருந்துக்கும் சென்றால், அதுவும் திருநாளின் ஒரு சடங்கே. அந்தப் பங்கில் அயலில் வாழும் சைவ உறவுகளையும் மறவாதிருப்போம். அவர்களும் நம்மோடு அதே பாதையால் வெளியேறி, அதே முகாமில் வாடியவர்கள்.

ஐந்தாவதைச் சொல்லும்போது என் உள்ளம் தயங்குகின்றது. ஆயினும் சொல்லாமல் விடலாகாது. எல்லைக்கற்கள் மறைந்த ஊர்களில் காணிப் பிணக்குகள் பெருகுகின்றன. வேலி எங்கே ஓடியது, கிணற்றில் யாருக்குப் பங்கு என்று உடன்பிறந்தோரே முகம் பாராதிருக்கின்றனர். 27 ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ்த் துணியால் மறைத்து அறை பிரித்து வாழ்ந்தவர்கள், ஒரு முழ நிலத்திற்காகப் பிரிவதா? மயிலிட்டி ஆலயம் காணிக்கை மாதாவின் பெயரைத் தாங்கியது. காணிக்கையைப் பற்றி ஆண்டவர் கற்பித்தது என்ன? பலிபீடத்தின் முன் நிற்கையில் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்பதே (மத் 5:23-24). கொடியேற்றத்திற்கு முந்திய வாரத்தை ஒப்புரவின் வாரமாக்குவோம். அருட்பணிச் சபையினர் கணக்குப் பார்ப்பதோடு நில்லாது, இரு வீட்டாரையும் ஒரே மேசையில் அமர்த்த முன்வரட்டும்.

"நாங்கள் சிலரே, இதையெல்லாம் செய்ய ஆளேது?" என்று கேட்பீர்கள். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருச்சபையைப் பற்றிய தனது கோட்பாட்டு விளக்கத்தை வெளியிட்டது 1964 நவம்பர் 21ஆம் நாள். அன்னை மரியா ஆலயத்தில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப்பட்டதைத் திருச்சபை நினைவுகூரும் நாள் அது. அந்த ஏட்டின் 26ஆம் பிரிவு நமக்கென்றே எழுதப்பட்டது போலிருக்கின்றது. சிறியனவாகவும் ஏழ்மையில் உழல்வனவாகவும் சிதறி வாழ்வனவாகவும் இருக்கும் சமூகங்களிலும் கிறிஸ்து உடனிருக்கிறார் என்று அது போதிக்கின்றது. சிறியது, ஏழ்மையானது, சிதறியது ஆகிய மூன்றும் நமது கரையோரப் பங்குகளின் இலக்கணம் அல்லவா?

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தம் சீடரைச் சந்தித்ததையும் நினைவில் கொள்வோம் (யோவா 21). அங்கே பெருங்கூட்டம் இல்லை. இரவெல்லாம் உழைத்து வெறும் வலையோடு திரும்பிய ஏழு பேர் மட்டுமே. கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, உண்ண வாருங்கள் என்று அவரே அழைத்தார். பாஸ்கா விழா முடிந்து, கூட்டம் கலைந்து, அவரவர் தொழிலுக்குத் திரும்பிய பின்னர் நிகழ்ந்தது அது. விழாவின் பின்வந்த ஒரு சாதாரணக் காலைப்பொழுதில், ஆண்டவர் கரையில் நின்றார்.

அந்த மூதாட்டிக்கு இன்று என் மறுமொழி இதுவே: அம்மா, மறுநாள் விளக்கைக் கொளுத்த நீங்கள் இருக்கிறீர்கள், அந்த விளக்கின் வெளிச்சத்திற்கு வந்து உங்கள் அருகே அமர நாங்கள் வரவேண்டும். அடுத்த திருநாளுக்கு வாகனம் ஒழுங்குசெய்யும் ஒவ்வொரு குடும்பமும், திரும்பும் பயணத்தை ஒரு நாள் பிற்போடட்டும். மறுநாள் காலைத் திருப்பலியில் அந்தச் சிலரோடு நாமும் முழந்தாளிடுவோம்.

காணிக்கை அன்னை, நம்மையே காணிக்கையாக்கும் மனத்தை நமக்குப் பெற்றுத்தருவாராக.