கிலோமீட்டரை நம்பாதீர்கள்!

வெளிநாட்டுப் பயணம் என்றால் சிங்கப்பூர், மலேசியா, கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் சுவிட்சர்லாந்து என்றிருந்த காலம் போய்விட்டது. நம் பிள்ளைகள் இப்போது மொராக்கோ போகிறார்கள். அதுவும் கைடு, பஸ் எதுவும் இல்லாமல், வாடகைக் கார் எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு! வரும் நவம்பரில் எங்களையும் அழைத்துப் போவதாக என் மகனும் மருமகளும் சொல்லியிருக்கிறார்கள். நம் சங்கத்தில் வேறு சில குடும்பங்களிலும் இதே பேச்சு நடப்பதாக அறிகிறேன். ஆகவே நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போக வேண்டாம் என்று சொல்லும் கட்சி அல்ல நான். மொராக்கோவின் ரயில் பாதை தெற்கே மராகேஷ் நகரத்தோடு நின்றுவிடுகிறது. 2018 முதல் அதிவேக ரயில் ஓடும் நாடுதான். ஆனால் மராகேஷுக்குத் தெற்கே தண்டவாளம் கிடையாது. அட்லஸ் மலைக்கு அப்பால் உள்ள கிராமங்களைப் பார்க்க விரும்பினால் பஸ், பங்கு டாக்சி, அல்லது சொந்தமாக ஓட்டும் கார்தான். கார் இருந்தால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். என் ஆட்சேபம் காரின் மேல் அல்ல, அதற்குப் போடும் திட்டத்தின் மேல்தான்.

எங்கள் வீட்டில் முதலில் போட்ட திட்டம் இது: மராகேஷிலிருந்து மெர்சூகா மணல் மேடுகளுக்குப் போய், மூன்றாம் நாள் இரவு திரும்பிவிடுவது. ஒரு வழித் தூரம் மட்டும் சுமார் 560 கிலோமீட்டர். அங்குள்ள சுற்றுலாக் கம்பெனிகளும் இதையே மூன்று நாள் பயணமாக விற்கின்றன. கடைசி நாள் முழுவதும் வண்டியிலேயே கழியும். நம் எக்ஸ்பிரஸ் சாலைக் கணக்கில் 560 கிலோமீட்டர் பெரிதல்ல. ஆனால் மராகேஷிலிருந்து வர்ஸாஸாத் வரையிலான முதல் 200 கிலோமீட்டரிலேயே டிஸி ந் டிச்கா என்ற கணவாய் குறுக்கிடுகிறது. உயரம் 2,260 மீட்டர், ஏறக்குறைய நம் ஊட்டி. வளைவுக்கு மேல் வளைவு. அந்த 200 கிலோமீட்டருக்கே நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் கீழ் கியரில் இறங்க வேண்டும் என்பது போர் காட் இறக்கம் பார்த்த நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ரயில்வேயில் கால அட்டவணை போடும்போது, ஓடும் நேரத்தோடு கொஞ்சம் உபரி நிமிடங்களையும் சேர்ப்பது வழக்கம். பாதையில் வேலை நடக்கும், வேகக் கட்டுப்பாடு இருக்கும், அதற்காக. அது சோம்பேறித்தனம் அல்ல. உபரி இல்லாவிட்டால் தாமதத்தை வேகத்தால் ஈடுகட்டத் தோன்றும்; ஆபத்து அங்கேதான் பிறக்கிறது. கார்ப் பயணத்திலும் அப்படியே. மதியச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால், கடைசி நூறு கிலோமீட்டர் இருட்டில் ஓடும். நவம்பரில் அங்கே மாலை ஆறரை மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். கிராமத்துச் சாலையில் விளக்கு கிடையாது, நடைபாதை கிடையாது. பள்ளி விட்டு நடக்கும் பிள்ளைகள், கழுதை மேல் தீவனம் ஏற்றி வரும் பெண்கள், பின்விளக்கில்லாத சைக்கிள்கள் எல்லாம் அந்தச் சாலையில்தான். நமக்கு அது விடுமுறைச் சாலை. அவர்களுக்கு அது வீட்டு வாசல்.

ஆகவே என் யோசனை: ஒரு நாளைக்கு 150, மிஞ்சினால் 200 கிலோமீட்டர். மாலை நான்கு மணிக்குள் தங்குமிடம். நான்கு நாளைக்கு ஒரு நாள் ஓட்டமே இல்லாமல் ஓய்வு. மெர்சூகாவை விட்டுவிட்டு, மராகேஷ், வர்ஸாஸாத், திரா பள்ளத்தாக்கு வழியே ஸகோரா, ஃபூம் ஸ்கித், டாட்டா, தஃப்ராவுட், தாரூதான்ட் என்று சுற்றி வந்தால் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். பத்து நாளில் நிதானமாக முடியும். மணல் மேடு பார்க்காமல் என்ன பாலைவனம் என்று மருமகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஸகோராவுக்குத் தெற்கே ம்ஹமீத் வரை தார் ரோடு உண்டு. அதற்கு மேல் உள்ளூர் ஜீப்பையும் டிரைவரையும் அமர்த்திக்கொள்ளலாம். வாடகைக் காரைத் தார் ரோட்டை விட்டு இறக்கினால் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் செல்லாது.

வரைபடத்தில் சில சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதி திட்டம் தானே வரும். 'டிஸி' என்றால் கணவாய். அங்கே வேகம் பாதியாகும். 'உவெத்' என்றால் ஆறு. வறண்டு கிடந்தாலும், மலையில் மழை பெய்தால் சாலை மேலேயே வெள்ளம் பாயும். 2024 செப்டம்பரில் டாட்டா பகுதியில் வெள்ளம் பலரைப் பலி கொண்டது. ஒரு பஸ்ஸையே அடித்துப் போனது. தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் காரை இறக்கவே கூடாது. காத்திருக்க ஒரு நாள் கையில் இருந்தால்தான் அந்தப் பொறுமை வரும்.

தாரூதான்டிலிருந்து திரும்பும் டிஸி ந் டெஸ்ட் பாதையும் அப்படியே. 2023 செப்டம்பர் 8 இரவு, 6.8 அளவு நிலநடுக்கம் அந்த மலைக் கிராமங்களைச் சிதைத்தது. ஏறக்குறைய மூவாயிரம் பேர் இறந்தார்கள். அந்தப் பாதையின் நிலையைப் புறப்படும் முன் தாரூதான்டில் விசாரித்துக்கொள்ள வேண்டும். திறந்திருந்தால் அவ்வழியே போய், கிராமத்திலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டுப் பணம் கொடுப்பதுதான் நாம் செய்யக்கூடிய மரியாதை. இடிந்த வீட்டின் முன் நின்று போட்டோ எடுப்பது அல்ல.

சில்லறை விஷயங்கள்: விசா முன்னதாகவே வாங்க வேண்டும். நம் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டையும் அசல் லைசென்ஸையும் சேர்த்தே வைத்திருங்கள். அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். முதல் நாள் மராகேஷ் நெரிசலில் பழக வேண்டாம், நகருக்கு வெளியே காரை எடுங்கள். பங்கில் 'காஸ்ஒயில்' என்றிருப்பது டீசல், பெட்ரோல் அல்ல! டாங்க் பாதியானதும் நிரப்புங்கள். ரொக்க திர்ஹாம் கையில் இருக்கட்டும். போலீஸ் சோதனைப் பலகையைக் கண்டால் முழுவதுமாக நிறுத்துங்கள்.

எத்தனை இடம் பார்த்தோம் என்று திரும்பி வந்து பட்டியல் வாசிப்பதில் நமக்கு ஒரு மோகம் உண்டு. அந்தப் பட்டியலில் இரண்டு ஊர் குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இருட்டில் வீடு திரும்பும் ஒரு பிள்ளை நம் அவசரத்துக்கு இரையாகக் கூடாது. திட்டம் போடும் மேஜையிலேயே அதைத் தீர்மானித்துவிட முடியும்.