செத்தப்புறம் கேக்க வராதீங்க

1990களின் கடைசியில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் வீடு வீடாக ஆட்கள் போனார்கள். செத்துப்போன ஆம்பளைகளைப் பற்றிக் கேட்டார்கள். என்ன நோவில் செத்தார், பீடி குடிப்பாரா, சிகரெட்டா, எத்தனை வருசமா? ஏறத்தாழ 43,000 சாவுகளின் கணக்கு. கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலானவர்கள் செய்த அந்த ஆய்வு 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. 70 வயதுக்குள் காசநோயில் செத்த ஆண்களில் பாதிப்பேரைக் கொண்டுபோனது புகைதான் என்றது.

எங்கள் ஏம்பலத்தைச் சுற்றி விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள்தான். பிரெஞ்சுக்காரன் காலத்துக் கோடு நடுவில் ஓடுகிறதே தவிர, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் சேரி ஒரே சேரி, பீடியும் ஒரே பீடி. ஆய்வு செய்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் எண்ணியிராவிட்டால் இந்தச் சாவுகளுக்கு எண்ணிக்கைகூட இருந்திருக்காது. என் கேள்வி வேறு. செத்தவன் வீட்டுக்கு வழி தெரிந்த மருத்துவத்துக்கு, உயிரோட உக்காந்து இருமிக்கிட்டு இருக்கிறவன் வீட்டுக்கு வழி தெரியாமப் போனது எப்படி?

நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குறைந்த கதிர்வீச்சில் எடுக்கிற சி.டி. ஸ்கேன். அமெரிக்காவில் நிறையப் புகைத்த 53,454 பேரை ரெண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு இந்த ஸ்கேன், மறுபாதிக்கு வெறும் எக்ஸ்ரே. 2011இல் முடிவு வந்தது. ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுச் சாவு 20 சதவீதம் குறைவு. நோவு தெரியாத காலத்திலேயே கட்டி சின்னதாகப் பிடிபடும், அறுத்து எடுத்துவிடலாம். நம்ம நாட்டில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அது அறுக்கிற கட்டத்தைத் தாண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் 2016 வாக்கில் ஸ்கேன் வண்டியைக் கடைத்தெரு வாகன நிறுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதுவும் ஏழைகள் இருக்கிற பகுதியாகப் பார்த்து. இங்கே 2016இல் மத்திய அரசு வகுத்த புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றும் இருக்கின்றன. நெஞ்சு இல்லை.

இனி அந்த ஸ்கேனுக்கு யார் தகுதி என்று பார்க்கணும். அமெரிக்கக் கணக்குப்படி, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் வீதம் 20 வருசம் குடித்திருக்கணும், வயசு 50 ஆகியிருக்கணும். எந்தப் பாக்கெட்? எங்க ஆளுங்க குடிச்சது கட்டுப் பீடி. பாதி குடிச்சு அணைச்சு, காதுல சொருகி, மதியம் மறுபடி பத்தவெச்ச பீடி. இதை எந்தப் பாக்கெட்டில் போட்டு எண்ணுவது? இலையில் சுத்தினது என்பதால் பீடி சாதுவானது என்று ஒரு பேச்சு உண்டு. பச்சைப் பொய். தாரும் நிகோடினும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன.

இந்த அளவுகோல் விவகாரம் நமக்கு மட்டும் நடப்பதில்லை. 2013இல் அமெரிக்கா வைத்த விதி இதைவிடக் கடுமையானது: 55 வயசு, 30 வருசப் பாக்கெட் கணக்கு. கறுப்பர்கள் குறைவாகப் புகைத்தும் சின்ன வயசிலேயே இந்தப் புற்றுக்கு ஆளாகிறார்கள். ஆகவே அந்த விதி அவர்களில் பலரை வாசலிலேயே நிறுத்தியது. கேள்வி எழுந்த பிறகுதான் 2021இல் தளர்த்தினார்கள். அளவுகோல் என்பது வானத்திலிருந்து விழுவதில்லை, யாரோ உக்காந்து போடுவது. மாற்றச் சொன்னால் மாற்றலாம்.

பொம்பளைங்க கதை இன்னும் மோசம். என் பெரியம்மா பீடியைத் தொட்டவள் இல்லை. அடுத்தவன் கழனியில் நட்டாள், செங்கல் சூளையில் வேலை செஞ்சாள். சாயங்காலம் வந்து குனிஞ்சு நுழையிற குடிசையில் சவுக்கு மிலாறும் வரட்டியும் வெச்சு ஊதி ஊதிச் சோறாக்கினாள். நாப்பது வருசம். இருமல் வந்தது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது, சளியில் கிருமி இல்லை. காலனி ஆளுக்கு நெஞ்சில் நிழல் என்றால் அது டி.பி.தானே, ஆறு மாசம் மாத்திரை கொடுத்தார்கள். நிழல் போகவில்லை. மறுபடியும் மாத்திரை. மூணாவது இடத்தில்தான் ஸ்கேன் எடுத்து, சதை எடுத்துப் பார்த்தார்கள். அதற்குள் முதுகெலும்பில் இறங்கிவிட்டது. அவள் சீட்டில் 'புகைப்பழக்கம்: இல்லை' என்று எழுதியிருந்தார்கள். நான் வாசித்துக் காட்டினேன். "அப்ப அந்த அடுப்பு ஊதினதெல்லாம் இன்னாடா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குச் சீட்டில் இடம் இல்லை. ஆனால் தைவான் நாட்டில் இடம் ஒதுக்க முயன்றிருக்கிறார்கள். புகைக்காதவர்களையும் ஸ்கேன் செய்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். அதில் சேர்க்கப் பார்த்த காரணங்களில் சமையல் புகையும் ஒன்று. 2022இலிருந்து, பீடி சிகரெட் தொடாதவர்களானாலும் குடும்பத்தில் இந்தப் புற்று வந்திருந்தால் அரசாங்கமே சோதிக்கிறது. "இப்பதான் காஸ் வந்துடுச்சே" என்று இங்கே சொல்கிறார்கள். காஸ் நேத்து வந்தது. புகை பாட்டி காலத்திலிருந்து உள்ளே இருக்கு. சுடுகாட்டில் பிணம் எரிக்கவும், சூளைக்குத் தீ வைக்கவும், பறையை நெருப்பில் காய்ச்சவும் யாரை நிறுத்தினார்கள்? சாதி எங்களுக்கு நிலம் தரவில்லை, புகையை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பட்டா போட்டுக் கொடுத்தது.

மருத்துவர்கள் ஒரு நியாயமான தடையைச் சொல்கிறார்கள். காசநோய் பரவலாக உள்ள நாட்டில் ஸ்கேன் எடுத்தால் பழைய தழும்பெல்லாம் கட்டி மாதிரித் தெரியும், வீண் பயம், வீண் ஊசி, வீண் செலவு. உண்மைதான். அமெரிக்காவிலேயே அந்த ஆய்வில் சந்தேகப்பட்ட நிழல்களில் நூற்றுக்கு 96 புற்று இல்லை. எல்லாரும் ஓடிப்போய் ஸ்கேன் எடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனா யோசிச்சுப் பாருங்க. காத்து வராத காலனி வீட்டில் அடைச்சு டி.பி. வரவெச்சீங்க. அந்தத் தழும்பையே காரணம் காட்டி அடுத்த நோயைச் சோதிக்க மாட்டேங்கிறீங்க. தழும்பையும் கட்டியையும் பிரித்துப் பார்க்கிற முறையை எங்களை வைத்துத்தானே கண்டுபிடிக்க வேண்டும்? அமெரிக்கக்காரன் நெஞ்சை வைத்தா?

நம்மவர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. "பாத்தா வந்துடும்" என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் பட்ட ஏச்சு கொஞ்சமில்லை. என் கோபமெல்லாம் நம் எழுத்தாளத் தோழர்கள் மேல். உடலரசியல் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் சேரி உடம்புக்குள் இருக்கிற நுரையீரலைப் பற்றி ஒரு வரி எழுதினதில்லை. இதெல்லாம் என்.ஜி.ஓ. வேலையாம்! அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகள் பேரைச் சொல்லத் தெரிகிறது. அவர்கள் 1970களின் தொடக்கத்தில் இலவச மருத்துவமனை நடத்தி, வெள்ளை மருத்துவம் கண்டுகொள்ளாத அரிவாள் செல் சோகைக்குக் கறுப்பர் தெருக்களில் ரத்தப் பரிசோதனை செய்தார்களே, அது மட்டும் ஏன் மறந்துபோகிறது? அயோத்திதாசப் பண்டிதர் நாடி பார்த்த சித்த மருத்துவர் என்பதும் மேடையில் கைத்தட்டு வாங்க மட்டும்தானா?

வந்தால் ஜனங்கள் போவார்கள். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000த்தில் தொடங்கி, பயிற்சி பெற்ற நர்சுகள் புளிக்காடி போன்ற ஒரு நீரைத் தடவிக் கருப்பைவாய்ப் புற்றைச் சோதித்தார்கள். கூப்பிட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். 2007இல் வெளியான கணக்குப்படி அந்தப் புற்றுச் சாவு 35 சதவீதம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு 30 ஆயிரம் பெண்களைச் சோதிக்காமல் விட்டுவைத்தார்களே, அது நியாயமா என்று பின்னால் விவாதம் வந்தது. வர வேண்டியதுதான். சோதிக்காமல் விடுகிற அந்தப் பக்கத்தில்தான் நாம் எப்பவும் நிற்கிறோம்.

ஏம்பலம் தனித்தொகுதி. ஓட்டுக்கு ஒரு வீடு விடாமல் வருகிறார்கள். கரிக்கலாம்பாக்கத்தில் சமுதாய நலவழி மையம் இருக்கிறது, ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. ஸ்கேன் வண்டி ஒன்று அங்கிருந்து இங்கே வருவது பெரிய தூரமில்லை. நம் ஆள் இங்கிருந்து அங்கே போனால்தான் ஒரு நாள் கூலி போகிறது. 50 தாண்டி, வருசக்கணக்கில் பீடி குடித்தவர்களுக்கு வருசம் ஒரு தடவை அந்த வண்டி வரணும் என்று கேட்போம். அது வரும்வரை இருக்கிறதை விடக்கூடாது. 30 வயசு தாண்டினவர்கள் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் போகணும், அது நம் வரிப்பணம். ரெண்டு வாரம் தாண்டின இருமலுக்கும், சளியில் ஒரு சொட்டு ரத்தத்துக்கும் பொட்டிக்கடை மாத்திரை வாங்கக்கூடாது. சளியில் கிருமி இல்லை, டி.பி. மாத்திரை ரெண்டு மாசம் போட்டும் நிழல் குறையவில்லை என்றால், "டாக்டர், சி.டி. எடுங்க, சதை எடுத்துப் பாருங்க" என்று நின்று கேட்கணும். தனியாகக் கேட்கத் தயங்கினால் நாலு பேராகப் போங்கள்.

மாணவத் தோழர்கள் லீவில் ஊருக்கு வரும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகலாம். உயிரோடு இருக்கிறவர்கள் பெயர், வயசு, இருமல் எத்தனை நாளாக, சூளையில் எத்தனை வருசம், அடுப்படியில் எத்தனை வருசம். பீடியை மட்டும் கேட்டுவிட்டு நோட்டை மூடிவிடாதீர்கள்.