வருகையைக் கூட்டும் முன்

இணையச் சந்தைகளில் கடை திறந்திருக்கும் கைத்தறி உற்பத்தியாளர்கள், கூட்டுறவுச் சங்கங்கள், சிறு வணிகர்கள் எல்லோருக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. பொருள் நன்றாக இருக்கிறது, படமும் போட்டாயிற்று, ஆனால் கடைப்பக்கத்துக்கு ஆள் வருவதில்லை. இந்தக் கவலைக்கு மருந்தாகப் பயிற்சி வகுப்புகளிலும் விற்பனை ஆலோசகர்களிடமும் கிடைப்பதெல்லாம் வருகையைப் பெருக்கும் வழிகள்தான்: விளம்பரத்தை ஏற்று, ரீல்ஸ் போடு, தள்ளுபடி நாளில் சேர். இந்த அறிவுரைகள் தொடங்கும் இடமே தவறு என்பது நம் கருத்து. இணையச் சந்தையில் வருகை என்பது காசு கொடுத்து வாங்கும் மூலப்பொருள். கவுண்ட் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்து நூல் வாங்கும் நெசவாளர் எவரும் இல்லை. வருகையை மட்டும் நாம் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

சந்தைத் தளம் எதை முன்னே காட்டுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் விற்பனையாளரிடமிருந்து இரண்டு வகையில் வருமானம் வருகிறது. பொருள் விற்றால் அதையொட்டிய கட்டணங்கள். விளம்பரத்தைச் சொடுக்கினால் கிளிக் காசு. இரண்டாவது வருமானம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதற்கு அமேசானின் உலகளாவிய கணக்கே சான்று. 2021-ல் 3,100 கோடி டாலராக இருந்த அதன் விளம்பர வருவாய் 2024-ல் 5,600 கோடி டாலரைத் தாண்டியது. தேடல் முடிவுகளின் முதல் வரிசைகள் இன்று பெருமளவு விற்கப்பட்ட இடங்கள். ஆனால் அந்த இடங்களும் அதிக ஏலம் கேட்டவருக்கு அப்படியே போய்விடுவதில்லை. தேடியவரின் சொல்லுக்கும் பொருளுக்கும் எவ்வளவு பொருத்தம், காட்டினால் சொடுக்குவாரா என்பனவும் கணக்கில் சேர்கின்றன. விளம்பரம் இல்லாத வரிசைகளில் விற்பனை வரலாற்றின் எடை இன்னும் அதிகம். ஒருவர் வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனால், அந்தத் தேடலுக்கு உங்கள் பொருள் விடை இல்லை என்ற செய்தியை விட்டுச் செல்கிறார். பொருத்தமில்லாத கூட்டத்தை நூற்றுக்கணக்கில் வரவழைப்பவர், தம் காசைக் கொடுத்துத் தமக்கு எதிரான சாட்சியங்களைத் திரட்டுகிறார்.

பவானி ஜமக்காளத்தை எடுத்துக்கொள்வோம். தடித்த பருத்தி நூலில் அகன்ற வண்ணப் பட்டைகளாக நெய்த சமதள விரிப்பு. புவிசார் குறியீடு பெற்றது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. இதை விற்பவருக்கு வருகை வேண்டுமென்றால், ‘கார்ப்பெட்’ என்ற தேடுசொல்லில் விளம்பரம் செய்வது எளிது. அதைத் தேடுவோர் ஏராளம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது சோஃபாவுக்கு முன்னால் விரிக்கும் பஞ்சு போன்ற மெத்தென்ற விரிப்பு. அவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு நகர்வார்கள். சிலர் நிறத்தில் மயங்கி வாங்குவார்கள். கையில் கிடைத்ததும், மெலிதாக இருக்கிறது, தரையில் நிற்காமல் நகர்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். அதையே விமர்சனமாக எழுதியும் வைப்பார்கள். பொருளில் குறையில்லை, வந்தவர் வேறு பொருளுக்கு வந்தவர். மாறாக, ஊரின் பெயரோடு ஜமக்காளத்தைத் தேடுபவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் கல்யாணத்துக்குப் பந்தியிலும் கூடத்திலும் விரிக்க, பூசைக்கு உட்கார, பெரிய குடும்பம் வரிசையாகப் படுக்க என்று தேவையைத் தெரிந்துகொண்டு வருபவர்கள் அவர்கள். நீளம் எத்தனை அடி, துவைத்தால் சாயம் போகுமா, உண்மையிலேயே கைத்தறியா என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் வாங்கிவிடுவார்கள். அந்த மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லாத பக்கம், விசைத்தறி நகலின் மலிவு விலையோடு நேருக்கு நேர் மோதித் தோற்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. அவரவர் எண்களை இட்டு நிரப்பிக்கொள்ளலாம். 1,200 ரூபாய்க்கு விற்கும் ஒரு ஜமக்காளத்தில் நூல், கூலி, பேக்கிங், அனுப்பும் செலவு, தளத்தின் கட்டணங்கள் எல்லாம் போக 200 ரூபாய் நிற்கிறது. ஒரு கிளிக்குக்கு 6 ரூபாய். நூறு பேரை வரவழைக்க 600 ரூபாய் ஆகிறது. நூறு பேரில் இரண்டு பேர் வாங்கினால், கையில் வருவது 400, போனது 600. விற்ற ஒவ்வொன்றிலும் 100 ரூபாய் நஷ்டம். அதே நூறு பேரில் ஆறு பேர் வாங்கினால் 1,200 வந்து 600 மிஞ்சும். அந்த ஆறில் ஒன்று ரிட்டர்னாக வந்து, போக வர அனுப்பிய செலவில் 250 ரூபாய் கரைந்தால் மிஞ்சுவது 150. இரண்டு திரும்பினால் 300 ரூபாய் நஷ்டம். ஆக, லாபத்தையும் நஷ்டத்தையும் பிரிப்பது வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், வாங்கியவர்களில் எத்தனை பேர் வைத்துக்கொண்டார்கள் என்ற இரண்டு எண்கள். இந்த இரண்டும் சரியாக இல்லாத கடையில் விளம்பரச் செலவை இரட்டிப்பாக்கினால் நஷ்டம் இரட்டிப்பாகும். அமேசானின் பிசினஸ் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை வருகை, அதில் எத்தனை சதவீதம் விற்பனையானது என்பது கட்டணமில்லாமல் கிடைக்கிறது. அதைத் திறந்து பார்க்காமலே விளம்பரத்துக்குப் பணம் ஏற்றும் பழக்கம் நம் துறையில் பரவலாக இருப்பது வருத்தத்துக்குரியது.

அப்படியானால் முதல் உழைப்பு லிஸ்டிங்கில்தான். தலைப்பில் பொருளின் பெயர், ஊர், அளவு, நூல் வகை ஆகியவை வாங்குபவர் தட்டச்சு செய்யும் வடிவில் இருக்க வேண்டும். ஜமக்காளத்தை ஆங்கில எழுத்தில் மக்கள் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். எல்லா வடிவங்களும் பக்கத்திலோ, மறைவாகக் கொடுக்கும் தேடுசொற்களிலோ இருந்தாக வேண்டும். ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் 2020-லேயே தமிழில் வந்துவிட்டன. ஆனால் தமிழில் பார்ப்பவருக்கு நம் பொருளின் விவரம் எப்படித் தெரிகிறது என்று எத்தனை விற்பனையாளர்கள் மொழியை மாற்றி வாசித்துப் பார்த்திருக்கிறார்கள்? படங்களில் ஒன்றாவது அளவை உணர்த்த வேண்டும்: விரிப்பின் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கும் படம், பல வரி விளக்கங்கள் செய்ய முடியாததைச் செய்துவிடும். தறியின் படம், விளிம்பின் அண்மைப் படம், கைத்தறி முத்திரை, உரிமை பெற்றவராக இருந்தால் புவிசார் குறியீடு ஆகிய நான்கும் போலியிலிருந்து நம்மைப் பிரித்துக் காட்டும். குறையையும் சொல்லிவிட வேண்டும். முதல் துவைப்பில் சாயம் சற்றுக் கசியும் என்றால் அதை எழுதிவிடுங்கள். அந்த வரி சில ஆர்டர்களைத் தடுக்கும். அவை எப்படியும் திரும்பி வந்திருக்கக்கூடிய ஆர்டர்கள்.

இதற்கு எழும் வலுவான மறுப்பு, புதிய பொருளுக்கு விற்பனை வரலாறே இல்லையே என்பது. விமர்சனம் இல்லாமல் யாரும் வாங்க மாட்டார்கள், வாங்காமல் விமர்சனம் வராது. இந்தச் சுழலை உடைக்கக் கூட்டம் வேண்டாமா? வேண்டும். விளம்பரமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தொடக்க விளம்பரத்தின் பயன் விற்பனையைவிடத் தகவலில்தான் இருக்கிறது. தானியங்கி விளம்பரத்தைச் சிறு தொகையில், நன்றாக விற்கும் என்று நம்பும் ஒன்றிரண்டு ரகங்களுக்கு மட்டும் சில வாரங்கள் ஓடவிட்டால், மக்கள் எந்தச் சொற்களைத் தட்டி நம்மிடம் வந்தார்கள், எந்தச் சொல்லில் வந்தவர்கள் வாங்கினார்கள் என்ற அறிக்கை கிடைக்கிறது. வாங்கவைத்த சொற்களை மட்டும் எடுத்து, அச்சொற்களே தேடப்பட்டால் மட்டும் காட்டும்படி தனி விளம்பரம் அமைக்க வேண்டும். காசைத் தின்ற சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையைச் செய்யாததால்தான் பலருடைய பணம் மாதக்கணக்கில் ஒழுகுகிறது. சுழலை உடைக்கக் காசு கொடுத்து விமர்சனம் வாங்கும் குறுக்கு வழியை நாம் முற்றாக நிராகரிக்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. சட்டத்தின் பிடி ஒருபுறம் இருக்கட்டும். தரத்தை மட்டுமே நம்பி நிற்கும் ஒரு தொழில் பொய்ச் சான்றிதழில் விற்கக் கூடாது.

இன்னொரு மறுப்பு: இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்ஆப் வழியாக வருகை இலவசமாகக் கிடைக்கிறதே, அதைக் கொண்டுவந்து சந்தைத் தளத்தில் விட்டால் என்ன? உங்கள் வீடியோவைப் பார்த்து, உங்கள் பெயரை நம்பி வருபவர், உங்கள் பொருளைத் தேட வேண்டிய அவசியம் இல்லாதவர். அவரைச் சந்தைத் தளத்துக்கு அனுப்பினால், அவர் திறக்கும் பக்கத்திலேயே போட்டியாளரின் மலிவுப் பொருள் விளம்பரமாக நிற்கிறது. விற்றாலும் கட்டணம் போகிறது. வாங்கியவருடனான உறவும் தளத்தின் கைக்குப் போகிறது. அவருக்கு நேரடியாக விற்பதே முறை. தளத்தில் விமர்சனங்கள் சேர வேண்டிய ஆரம்ப கட்டத்தில் மட்டும் பழைய வாடிக்கையாளர்களை அங்கே வாங்கச் சொல்வதில் நியாயம் உண்டு. வெளிநாட்டு விற்பனைக்கு எட்சியில் கடை வைத்திருப்பவர்களுக்கு நிலைமை சற்று வேறு. வெளித் தளங்களில் விளம்பரம் செய்யும் வேலையை அங்கே தளமே செய்கிறது. அந்த விளம்பரம் வழியாக வந்தவர் 30 நாளுக்குள் வாங்கினால் மட்டும் 15 சதவீதம் பிடித்துக்கொள்கிறது. ஓராண்டில் 10,000 டாலர் விற்பனையைத் தொட்ட கடைக்கு அது 12 சதவீதம், ஆனால் விலகிக்கொள்ள முடியாது. 2022 ஏப்ரலில் 6.5 சதவீதமாக உயர்ந்த பரிவர்த்தனைக் கட்டணத்தையும் சேர்த்தால், அப்படி விற்ற ஒரு பொருளில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் போய்விடும். கிளிக்குக்குக் கொடுக்காமல் விற்றால் கொடுக்கும் முறை நம்மைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பானதுதான். அந்தப் பங்கை விலையில் முன்கூட்டியே ஏற்றி வைத்தவருக்கு மட்டும்.

தள்ளுபடித் திருவிழாக்களைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அந்நாட்களில் வரும் கூட்டம் விலையைத் தேடி வரும் கூட்டம். விளம்பரப் போட்டியும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். தேங்கிய சரக்கைத் தள்ளுவதற்குப் பயன்படும். கைத்தறியின் வழக்கமான சரக்குக்கு ஆடி, தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்களை ஒட்டி வரும் இயல்பான தேடலே போதும்.

கடைசி மறுப்பு கசப்பானது, அதில் உண்மையும் இருக்கிறது. நாம் எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் தராசு தளத்தின் கையில்தானே என்கிறார்கள். அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டும் சில விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டுவதாக எழுந்த புகாரில் இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. அமெரிக்காவில் கூட்டாட்சி வணிக ஆணையமும் 17 மாநிலங்களும் 2023 செப்டம்பரில் அமேசான் மீது தொடுத்த வழக்கில், தேடல் முடிவுகளைக் காசுக்கு விற்ற விளம்பரங்களால் நிரப்பியதும் ஒரு குற்றச்சாட்டு. லிஸ்டிங்கைச் செப்பனிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது இந்நிலையில் நேர்மையாகாது. ஆனால் தராசு சாய்ந்திருக்கிறது என்பது கண்ணை மூடிக்கொண்டு அதிகக் காசு கொட்டுவதற்குக் காரணமாகாது. கொட்டும் காசு அதே கைக்குத்தான் போகிறது.

நம் கையில் ஓர் உரிமை இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளில் 5-ஆம் விதி, பொருள்களையும் விற்பனையாளர்களையும் வரிசைப்படுத்தும் முக்கிய அளவுகோல்கள் எவை, அவற்றில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதைச் சந்தைத் தளங்கள் எளிய, புரியும் மொழியில் எல்லோரும் காணும்படி விளக்க வேண்டும் என்கிறது. பவானியில் தறி வைத்திருப்பவருக்குப் புரியும் மொழி தமிழ். விற்பனையாளர் சங்கங்களும் கைத்தறிக் கூட்டுறவுகளும் ஒன்றாகச் சேர்ந்து, இந்த விளக்கத்தைத் தமிழிலும் பொருள் வகைவாரியாகவும் தரும்படி தளங்களிடம் எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் கொண்டு செல்ல வேண்டும். தனித்தனியாக எழுதும் கடிதம் குப்பைக்குப் போகும் என்பதால்தான் சங்கங்களைக் கேட்கிறோம். அடுத்த பண்டிகைக் காலத்து விளம்பரத் தொகையை முடிவு செய்யும் கூட்டத்திலேயே இதையும் ஒரு தீர்மானமாக வையுங்கள்.